நாய் குரைக்கும் இரவுகள்: வேலியின் இரு பக்கமும்

எங்கள் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் இடையில், பாதித் தூரம் தகரமும் மீதித் தூரம் கிளுவங்கதியாலுமாக ஒரு வேலி நிற்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் மூன்று நாய்கள். இரவு பத்தரைக்குத் தொடங்கினால், சூன் பாண்காரரின் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் நுழையும் விடியற்காலை வரை விட்டுவிட்டுக் குரைக்கும். ஓட்டோ வந்ததும் மூன்றும் சேர்ந்து ஊளையிடும். இது ஒன்றரை வருடம் நடந்தது.

நான் சுயாதீனமாக எழுதுபவள். பகலில் ஆட்களைச் சந்தித்து ஒலிப்பதிவு செய்தவற்றை இரவில்தான் எழுத்தில் இறக்குவேன். பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்தபோது, நேர்காணலுக்கு அமைதியான இடத்தைத் தெரிவுசெய்ய வேண்டும் என்று சொல்லித் தந்தார்கள். அந்த அமைதியான இடத்துக்கு மாத வாடகை எவ்வளவு என்பதைச் சொல்லித் தரவில்லை. எப்படியோ, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சமாளித்தேன். அம்மாவால் சமாளிக்க முடியவில்லை.

நாய் குரைத்தால் அம்மா எழும்பிக் கட்டிலில் இருப்பார். லைற் போடமாட்டார். யன்னலுக்குப் பக்கத்தில் போகமாட்டார். குரைப்பு எந்தத் திசையிலிருந்து தொடங்கி எந்தத் திசைக்குப் போகிறது என்று இருட்டில் கேட்டுக்கொண்டிருப்பார். அது அடங்கி அரைமணி நேரம் போன பிறகுதான் சரிவார். அதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். அவருக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் இருக்கின்றன. நித்திரை இல்லாத நாட்களில் இரண்டும் ஏறிப்போய்விடுகின்றன என்று கிளினிக்கில் சொன்னார்கள்.

அம்மா ஏன் அப்படி இருக்கிறார் என்பதை இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. தொண்ணூறுகளின் பிற்பாதியில் யாழ்ப்பாணத்தில் இருந்த எவருக்கும் இரவுக் குரைப்பு ஒரு செய்தி. பிரதான வீதியில் ஒரு நாய் குரைக்கும். பிறகு முதலாவது ஒழுங்கையில் இரண்டு. பிறகு கோயிலடியில். ஆமி எந்தப் பாதையால் எவ்வளவு வேகமாக வருகிறது என்பதை வரைபடம் போலச் சொல்லிவிடலாம். விடிய முதல் சுற்றிவளைப்பு இருக்கும், பள்ளிக்கூட மைதானத்தில் தலையாட்டிக்கு முன்னால் ஆண்களை வரிசையில் நிற்க வைப்பார்கள். 2006 ஆகஸ்ட்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு, ஊரடங்கு நேரத்தில் நாய் குரைத்தால் அதற்கு ஒரேயொரு அர்த்தம்தான் இருந்தது. எனக்கு அப்போது பதினெட்டு வயது. வெள்ளை வானை நான் நேரில் கண்டதில்லை. நாய்கள் குரைத்ததைக் கேட்டிருக்கிறேன்.

அதனால்தான் அயல்வீட்டு நாய்த் தொல்லையைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகள் எங்களுக்குப் பாதிதான் பொருந்துகின்றன. காதில் பஞ்சு வையுங்கள், மின்விசிறியைப் போட்டு அந்தச் சத்தத்தில் தூங்குங்கள் என்கிறார்கள். எதுவும் கேட்காமல் இருப்பது அம்மாவுக்குக் குரைப்பைவிடப் பயம். ஒருநாள் காதுக்குப் பஞ்சு கொடுத்துப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் எடுத்து எறிந்துவிட்டு, ‘எனக்கு என்ன நடக்குது எண்டு தெரியவேணும்’ என்றார்.

கீழே இருப்பது இந்த ஒன்றரை வருடத்தில் நான் செய்து பார்த்ததும், சட்டத்தரணிகளிடமும் கால்நடை வைத்தியரிடமும் கிராம அலுவலரிடமும் கேட்டு அறிந்ததும். இதே தொல்லை உள்ள யாருக்காவது பயன்படலாம்.

முதலில் ஒரு கொப்பி

கோபத்தோடு வேலியடிக்குப் போவதற்கு முதல் ஒரு கொப்பியை வாங்குங்கள். இரண்டு கிழமைக்கு ஒவ்வொரு குரைப்பும் எத்தனை மணிக்குத் தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது, அப்போது ஒழுங்கையில் என்ன நடந்தது என்பதை எழுதுங்கள். பின்னாளில் மத்தியஸ்த சபைக்கோ நீதிமன்றத்துக்கோ போக நேர்ந்தால் ‘எப்ப பார்த்தாலும் குலைக்குது’ என்ற வாய்ப்பேச்சைவிட அந்தக் கொப்பிக்குப் பெறுமதி அதிகம். கைத்தொலைபேசியில் திகதியோடு இரண்டு மூன்று ஒலிப்பதிவுகளும் இருக்கட்டும். ஆனால் கொப்பியின் உண்மையான பயன் வேறு. நாய் ஏன் குரைக்கிறது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

என் கொப்பியில் பதினான்கு இரவுகளுக்குப் பிறகு நான் கண்டது இது. பத்தரைக் குரைப்பு, இரவு வேலை முடிந்து சைக்கிளில் திரும்பும் ஒருவருக்கு. படலைக்குப் பக்கத்தில் கட்டியிருந்த நாய்க்குத் தகரத்தின் இடைவெளியால் ஒழுங்கை தெரிந்தது. கால் நிழல் அசைந்தால் போதும், அது தொடங்கும், மற்ற இரண்டும் சேரும். ஒன்றரை மணிக்கும் மூன்றுக்கும் இடையில் நடப்பது கூரையில் ஓடும் மரநாய்க்கு. ஐந்து மணி ஊளை, பாண்காரருக்கு. நான் காரணமே இல்லை என்று நினைத்திருந்த குரைப்புகளில் முக்கால்வாசிக்குக் காரணம் இருந்தது.

கால்நடை வைத்தியர் மிச்சத்தைச் சொன்னார். நாய்க்கு எங்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்த அலைவரிசை கேட்கும். மனிதக் காது 20,000 ஹேர்ட்ஸோடு நின்றுவிட, நாயின் காது 45,000 வரை போகும். எலி கீச்சிடுவதும் எங்கோ ஒரு இயந்திரம் சிணுங்குவதும் அதற்குக் கேட்கும், எங்களுக்குக் கேட்காது. பகல் முழுக்க ஒரு முழச் சங்கிலியில் கட்டப்பட்ட நாய் இரவில் கூடுதலாகக் குரைக்கும். ஓடித் திரியாத உடம்பின் சக்தி குரலாகத்தான் வெளியேறும். பெண் நாய் இருந்தால் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு மூன்று கிழமைக்கு, ஊரில் உள்ள கடுவன்கள் எல்லாம் வேலியைச் சுற்றி வந்து சண்டை பிடிக்கும். பசி, உண்ணி, காது நோவு, முதுமை எல்லாமே குரைப்பாக வரலாம். ‘அடிச்சால் அடங்கும் எண்டு நினைக்கினம். பயந்த நாய்தான் கூடக் குலைக்கும்’ என்றார்.

பேசப் போன நாள்

கடிதம் எழுதுவதா, நேரில் கதைப்பதா என்று சிலர் கேட்கிறார்கள். எங்கள் ஊரில் அயலவருக்குக் கடிதம் எழுதுவது என்றால் கோட்டுக்குப் போகப் போகிறோம் என்று அர்த்தம். நேரில் போங்கள். நாய் குரைத்துக்கொண்டிருக்கும்போது, நித்திரை குழம்பிய கோபத்தில் போகாதீர்கள். பின்னேரம், தேத்தண்ணி நேரத்தில், வெறுங்கையோடு இல்லாமல் போங்கள். நான் எங்கள் முருங்கையில் ஆய்ந்த ஒரு பிடி காயோடு போனேன்.

பக்கத்து வீட்டு மாமி தனியே இருக்கிறார். 2012 இல் தன் சகோதரியின் வளவுக்கு வந்து குடியேறியவர். அவருடைய மகன் 2007 இல் காணாமல் ஆக்கப்பட்டவர் என்பது எங்களுக்குத் தெரியும். சுவரில் இருக்கும் படத்துக்கு மாலை போடுவதில்லை என்பதும் தெரியும். இதற்கு மேல் நாங்கள் கேட்டதில்லை. தொழில்ரீதியாக நான் எத்தனையோ தாய்மாரிடம் ஒலிவாங்கியை நீட்டிக் கேட்ட கேள்விகளை, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவரிடம் ஒருநாளும் கேட்கவில்லை.

அம்மாவின் நித்திரையைப் பற்றிச் சொன்னேன். மாமி முருங்கைக்காயை முறித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

‘அண்டைக்கும் நாய் குலைச்சது பிள்ளை. சரியான குலை. நான்தான் எழும்பிப்போய், பேசாமல் கிட எண்டு அதட்டினனான். தம்பி ரியூசன் குடுத்துப்போட்டுக் களைச்சுப் படுத்திருந்தவன், அவன்ர நித்திரை குழம்பிடும் எண்டு. அது வாலைச் சுருட்டிக்கொண்டு போய்ப் படுத்திட்டுது. ஒரு பத்து நிமிசம் இருக்கும், கதவைத் தட்டினவங்கள்.’

சற்று நேரம் கழித்து, ‘அதுக்குப் பிறகு நான் ஒரு நாயையும் வாயை மூடு எண்டு சொன்னதில்லை’ என்றார்.

நான் என் கொப்பியை எடுக்கவில்லை. அன்று அதைப் பற்றி மேலே எதுவும் கதைக்கவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன். அம்மாவுக்குச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசாமல் குசினிக்குள் போய்விட்டார்.

தனித்திருக்கும் பெண்களின் வளவுகளில் நாய்கள் கூடியதற்குப் பின்னால் இப்படிப் பல கதைகள் இருக்கின்றன. 2011 ஆகஸ்ட்டில் கிறீஸ் பூதம் என்ற பீதி கிழக்கிலும் வடக்கிலும் பரவியபோது, நாவாந்துறையில் இரவோடிரவாக நூற்றுக்கு மேற்பட்ட ஆண்கள் கைதுசெய்யப்பட்டார்கள். அந்த மாதம் எங்கள் பக்கத்தில் நாய்க்குட்டி தேடாத வீடு இல்லை. பிறகு வாள்வெட்டுக் கும்பல்களின் காலம் வந்தது. ஆண் துணை இல்லாத வீட்டில் நாய்தான் காவல், நாய்தான் அழைப்பு மணி, பேச்சுத் துணையும் அதுதான். அதைக் ‘குறை’ என்று ஒருவரிடம் கேட்பதற்கு முதல் இதை மனதில் வைத்திருப்பது நல்லது. உங்கள் நித்திரை முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. அம்மாவின் இரத்த அழுத்தம் ஒரு கதை இல்லை. கேட்கத்தான் வேண்டும். எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நாயை அகற்றுங்கள் என்று கேட்டிருந்தால் அது அங்கேயே முடிந்திருக்கும்.

ஒரு கிழமை கழித்து அம்மாவே போனார். இருவரும் என்ன கதைத்தார்கள் என்று எனக்கு முழுதாகத் தெரியாது. இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு வந்தார். அதன் பிறகு நாங்கள் செய்தவை மிகச் சாதாரணமானவை. படலையடியில் கட்டியிருந்த நாயைக் கிணற்றடிப் பக்கம் மாற்றினோம். தகர இடைவெளியைக் கிடுகு வைத்து மறைத்தோம். ஒழுங்கை தெரியாமல் போனதும் பத்தரைக் குரைப்பு பாதிக்கு மேல் குறைந்தது. பின்வளவில் இரண்டு மரங்களுக்கு இடையில் நீளமாகக் கம்பி கட்டி, சங்கிலியின் வளையத்தை அதில் கோர்த்துவிட்டோம், நாய் பகலில் முப்பது அடி ஓடித் திரியும். பிரதான சாப்பாட்டை இரவு ஏழரைக்கு மாற்றினோம். கூரைக்கு மேல் வளைந்திருந்த எங்கள் மாமரக் கிளையை வெட்டினோம், மரநாய் வந்த பாலம் எங்களுடையதுதான் என்பது அப்போதுதான் தெரிந்தது. பெண் நாய்க்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தோம். இதற்கு உங்கள் பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரியுங்கள். மாகாணக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் கீழ் வரும் அலுவலகம் அது. நடமாடும் முகாம்கள் எப்போது வரும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். செலவைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். உங்களுக்குத் தொல்லை தரும் நாய்க்கு நீங்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று கேட்ட நண்பர்கள் உண்டு. வழக்குக்குக் கொடுக்கும் காசைவிட அது மிகக் குறைவு என்பதே என் பதில்.

பேச்சு பலிக்காவிட்டால்

எல்லா அயலவரும் மாமியைப் போல இருக்கமாட்டார்கள். ‘என்ர வளவு, என்ர நாய்’ என்று கதவைச் சாத்துபவர்களும், காசுக்காக எட்டுப் பத்து நாய்களைக் கூட்டில் அடைத்துக் குட்டி வளர்த்து விற்பவர்களும் இருக்கிறார்கள். அப்போது என்ன செய்வது?

முதல் படி கிராம அலுவலர். அவருக்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் இரு வீட்டாரையும் தெரியும், பெரும்பாலும் ஒரு வருகையோடு விஷயம் தணிந்துவிடும். நீங்கள் முறையிட்டதற்கு ஒரு பதிவும் கிடைக்கும்.

இரண்டாவது, உள்ளூராட்சிச் சபை. நாய் வளர்ப்பவர் ஆண்டுதோறும் அதைப் பதிவுசெய்ய வேண்டும் என்பது 1901 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்திலிருந்தே இருக்கும் கடமை. விசர்நோயைத் தடுப்பதற்கு 1893 ஆம் ஆண்டிலிருந்து ஒரு கட்டளைச் சட்டம் இருக்கிறது. இரண்டும் குரைப்பைப் பற்றியவை இல்லை. ஆனால் ஊசி போடாத, பதிவில்லாத பத்து நாய்களை வைத்திருப்பவரிடம் சபை உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் போய்க் கேட்பதற்கு அவை வழி தருகின்றன. கூடுகளின் கழிவு, நாற்றம், இலையான் போன்றவை இருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அதைத் தனியாக முறையிடுங்கள். அது குரைப்பைவிட விரைவாக நடவடிக்கை எடுக்கக்கூடிய விடயம். சபை வந்து நாய்களைப் பிடித்துக்கொண்டுபோய் அழித்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2006 இலிருந்து நாய்களைக் கொல்வதில்லை என்பதே அரசின் கொள்கை. ஊசியும் கருத்தடையும்தான் வழி.

மூன்றாவது, நான் அதிகம் பரிந்துரைப்பது, மத்தியஸ்த சபை. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. பெரும்பாலும் வார இறுதியில் ஏதாவது ஒரு பாடசாலையில் கூடும். சபையின் தவிசாளருக்கு விண்ணப்பம் கொடுத்தால் போதும். மத்தியஸ்தர் குழாமிலிருந்து நீங்கள் ஒருவரைத் தெரிவுசெய்யலாம், எதிர்த்தரப்பு ஒருவரைத் தெரிவுசெய்யலாம், அந்த இருவரும் மூன்றாமவரைத் தெரிவுசெய்வார்கள். சட்டத்தரணிகள் தோன்ற முடியாது. காசுள்ளவர் பெரிய அப்புக்காத்துவைப் பிடித்துக்கொண்டு வந்து மிரட்ட முடியாது என்பது எங்கள் சனத்துக்கு முக்கியமான விடயம். மத்தியஸ்தர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அதிபர்களுமாக இருக்கும் அவர்கள் இருபக்கமும் கேட்டு ஒரு இணக்கத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள். இணங்கினால் அதை எழுதிக் கையொப்பம் வைப்பீர்கள். இணங்காவிட்டால் இணக்கமின்மைச் சான்றிதழ் தருவார்கள், அதோடு நீதிமன்றம் போகலாம். போகும்போது கொப்பியைக் கொண்டுபோங்கள். ‘நாயை அகற்று’ என்று கேட்காமல், ‘இரவில் படலையடியில் கட்டாதே, பின்பக்கம் விடு’ என்பதைப் போலச் செய்யக்கூடிய ஒன்றைக் கேளுங்கள்.

பொலிஸ் நான்காவது. தெற்கில் இருப்பவர் அயலவரின் நாய்க்காகப் பொலிசுக்குப் போவதும், எங்களில் ஒருவர் போவதும் ஒன்றில்லை. எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், பிள்ளைகள் எங்கே என்ற விசாரணையாக அது முடியக்கூடாது என்று பயப்படும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. முன்னாள் போராளியின் வீட்டு நாயைப் பற்றி முறையிட்டுவிட்டு, பிறகு அந்த வீட்டுக்கு யார் யார் வந்து போனார்கள் என்பதைப் பார்த்து வருந்திய ஒருவரை எனக்குத் தெரியும். அச்சுறுத்தல், கைகலப்பு, கடி என்று போனால் தயங்காமல் பொலிசுக்குப் போங்கள். குரைப்புக்காக மட்டும் என்றால் முதல் மூன்று படிகளையும் முடித்துவிட்டுப் போங்கள், பொலிசும் அநேகமாக உங்களை மத்தியஸ்த சபைக்குத்தான் அனுப்பும். போனால் உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை சொல்கிறது. விளங்காத மொழியில் எழுதியதற்குக் கையொப்பம் வைக்காதீர்கள்.

கடைசியாக நீதிமன்றம். தண்டனைச் சட்டக்கோவையின் 261 ஆம் பிரிவு பொதுத் தொல்லை என்றால் என்ன என்று வரையறுக்கிறது. பொதுமக்களுக்கோ, அயலில் குடியிருப்பவர்களுக்குப் பொதுவாகவோ தீங்கு, ஆபத்து, தொந்தரவு விளைவிப்பது என்பது அதன் சாரம். ‘பொதுவாக’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு வீட்டாருக்கு மட்டும் நித்திரை இல்லை என்றால் அது பொதுத் தொல்லை ஆகாது. ஒழுங்கையில் ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து கையொப்பமிட்டால் நிலைமை வேறு. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவின் கீழ் தொல்லைகளை அகற்றுமாறு நீதவான் நிபந்தனைக் கட்டளை விடுக்கலாம். தனி வீட்டாருக்கு உள்ள வழி மாவட்ட நீதிமன்றத்தில் குடியியல் வழக்கு. அதற்கு வருடங்கள் எடுக்கும், காசும் போகும். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக ஆலோசனை தருகிறது. நீதிமன்றங்களுக்கு அண்மையில் அதன் அலுவலகங்கள் இருக்கின்றன.

சத்தத்தைப் பற்றி 1996 ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளும் இருக்கின்றன. பிரதேச சபை எல்லைக்குள் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று அவை எல்லை வைக்கின்றன. அருகில் நின்று குரைக்கும் நாய் 90ஐத் தொடும். ஆனால் அந்த விதிகள் ஆலை, பட்டறை போன்றவற்றை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கைத்தொலைபேசிச் செயலியில் டெசிபல் அளந்து கொண்டுபோய்க் காட்டினால் சபையில் சிரிப்பார்கள். இன்னொன்று, இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்கு எதிராக உயர் நீதிமன்றம் 2007 இல் கட்டளை பிறப்பித்தது. அது ஒலிபெருக்கிக்கு. திருவிழாக் காலத்தில் விடிய நாலரைக்குப் பாட்டுப் போடும் எங்கள் ஊர்க் கோயில்களுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. நாய்களை மட்டும் குறைசொல்வது எவ்வளவு நியாயம் என்று சில விடியற்காலைகளில் யோசித்திருக்கிறேன்.

செய்யக்கூடாதது

நான் இந்தக் கட்டுரைக்காகக் கதைத்தவர்களில் மூன்று பேர், குரலைத் தாழ்த்தி, ஒரே யோசனையைச் சொன்னார்கள். இறைச்சித் துண்டில் வைத்துப் போடுவது. எங்கள் பகுதியில் ஒரு ஒழுங்கையில் ஒரே இரவில் நான்கு நாய்கள் அப்படிச் செத்தன. அவற்றில் ஒன்று குரைக்கவே மறந்துபோன கிழட்டு நாய். மற்றொன்று, தொல்லை தந்த வீட்டு நாயே இல்லை. 1907 ஆம் ஆண்டிலிருந்து மிருகவதைக்கு எதிரான கட்டளைச் சட்டம் இங்கே இருக்கிறது, இன்னொருவரின் பிராணியைக் கொல்வது தண்டனைச் சட்டக்கோவையின் கீழும் குற்றம். நஞ்சு வைத்த துண்டைக் கோழியும் தின்னும், தவழ்கிற பிள்ளையும் எடுக்கும். இதைச் செய்த வீட்டோடு அந்த ஒழுங்கை இன்றுவரை கதைப்பதில்லை. செத்த வீட்டுக்குக்கூடப் போகவில்லை.

‘சாக்கில போட்டு வல்லை வெளியில கொண்டுபோய் விடுங்கோ’ என்ற யோசனையும் வந்தது. விட்ட நாய் பசியில் கூட்டம் சேர்ந்து இன்னொரு ஊரின் தொல்லையாகும். நாயை விட்டுவிட்டுப் போவதைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு நாங்கள் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது எனக்கு ஏழு வயது. எங்கள் மணி செம்மணி வரை மழையில் பின்னால் வந்தது. சனநெரிசலில் எங்கே தவறியது என்று தெரியாது. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டுக்கு ஓடு இல்லை. மணி படலையில் நிற்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

கடி விடயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், சவர்க்காரமும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நோய் அறிகுறி தோன்றிய பிறகு காப்பாற்ற வழி இல்லை. உங்களுக்குத் தொல்லை தரும் நாய்க்கு வருடாந்தம் ஊசி போட்டிருக்கிறார்களா என்று விசாரிப்பது உங்கள் உரிமை. பொதுச் சுகாதாரப் பகுதியினர் இலவசமாக ஊசி போடும் நாள் வந்தால் வேலிக்கு மேலால் ஒரு சத்தம் வையுங்கள். தனியே இருப்பவர்களுக்கு அந்த அறிவித்தல் காதில் விழுவதில்லை.

இப்போது

குரைப்பு நிற்கவில்லை. ஒரு இரவுக்கு ஏழெட்டு முறை என்று இருந்தது, இப்போது இரண்டு மூன்று முறை. மூன்று நாய்களில் ஒன்று வயதாகி இறந்துவிட்டது, மாமி இன்னொன்றை எடுக்கவில்லை. ஐந்து மணி ஊளைக்கு ஒரு மருந்தும் இல்லை. பாண்காரரிடம் பாட்டைக் குறைக்கச் சொல்லிக் கேட்டேன். பாட்டு இல்லாவிட்டால் பாண் விற்காது என்றார். அதுவும் நியாயம்தான்.

உண்மையில் அம்மாவுக்கு நித்திரையைத் தந்தது கிடுகும் இல்லை, கம்பியும் இல்லை. அவர்கள் இருவரும் எனக்குத் தெரியாமல் செய்துகொண்ட ஒரு ஏற்பாடு. நாய் குரைத்தால் மாமி எழும்பி முன்விறாந்தை லைற்றைப் போடுவார். கிடுகுக்கு மேலால் அந்த வெளிச்சம் அம்மாவின் அறைச் சுவரில் விழும். மாமி ரோர்ச் அடித்து வளவைச் சுற்றிப் பார்ப்பார். பிறகு வேலியைப் பார்த்துச் சொல்வார்.

‘மரநாய் அக்கா. படுங்கோ.’

‘ஓம்’ என்பார் அம்மா, இருட்டுக்குள் இருந்து.

லைற் அணையும். மரநாய் வரும் கிளையை வெட்டி ஒரு வருடமாகிறது. போன கிழமை அதை அம்மாவிடம் சொன்னேன். ‘எனக்குத் தெரியும்’ என்றார்.